சீனக் காதற்பாட்டும் சங்க அகப்பாட்டும்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், தாவரவியல் மாணவி)

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். தாவரவியல் படிப்பவளுக்குக் காதற்பாட்டில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். பாட்டில் செடி வருகிறதே! அந்த உரிமையில் எழுதத் துணிந்தேன்.

சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகை 'ஷி ஜிங்'. அதில் 305 பாடல்கள் உள்ளன. முதற்பாட்டே காதற்பாட்டு. ஆற்றிடைத் திட்டில் பறவைகள் கூவுகின்றன. நீரில் மிதக்கும் கொடியை இடமும் வலமுமாய்ப் பறிக்கின்றனர். ஒருவன் தான் விரும்பிய பெண்ணை எண்ணி உறக்கமின்றிப் புரள்கிறான். கொடிக்கும் அவனுக்கும் என்ன தொடர்பு? பாட்டு சொல்லவில்லை. இயற்கைப் பொருளை முன்வைத்து உள்ளத்தை உணர்த்தும் இம்முறையைச் சீனர் 'ஷிங்' என்றனர்.

எனக்கு விளங்காத அத்தொடர்பை விளக்கியவர், எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார். சிறு வயதில் செம்பாக்கம் ஏரியில் இறங்கி ஆம்பல் பறித்தவர். பாட்டின் பொருளைச் சொன்னதும், "கைய நீட்டினா தண்ணி அலம்பி, பூவு அந்தாண்ட போயிடும்டி. அங்க திரும்பினா இந்தாண்ட நழுவும். தூக்கம் வராதவனும் அப்படித்தானே பொரளுவான்?" என்றார். நான் வியந்து நின்றேன்.

நம் தொல்காப்பியம் இதற்கு இலக்கணமே வகுத்துள்ளது. நிலமும் பொழுதும் முதற்பொருள். செடி, விலங்கு, பறவை முதலியன கருப்பொருள். காதல் உணர்வு உரிப்பொருள். கருப்பொருளுக்குள் கருத்தை மறைத்து வைப்பது உள்ளுறை உவமம். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் தலைவி தன் காதலின் அளவைச் சொல்கிறாள். தலைவனைப் பற்றிக் கூறுவதோ, அவன் மலையில் வண்டுகள் குறிஞ்சிப் பூவிலிருந்து தேன் சேர்க்கின்றன என்பது மட்டுமே. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. இதை அறிந்தவர்க்கு அத்தேனின் அருமையும், அவ்வன்பின் அருமையும் ஒருங்கே புலப்படும்.

சீனப் பாட்டின் இயற்கை ஈடுபாட்டுக்குத் தாவோ நெறியே காரணம் எனலாமா? லாவோ ட்சு பெயரால் வழங்கும் நூல் 81 இயல்கள் உடையது. அனைத்துயிர்க்கும் நன்மை செய்து, எதனோடும் போட்டியிடாமல் தாழ்ந்த இடத்தில் தங்கும் நீரை அது உயர்ந்த நிலைக்கு உவமையாக்குகிறது. ஆனால் ஷி ஜிங் அந்நூலினும் மூத்தது. ஆகவே மனிதனை இயற்கைக்கு வெளியே நிறுத்தாத பார்வை முதலில் பாட்டாகி, பின்னரே தத்துவமாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது. தாவோவை அறியாமலே தமிழ்ப் புலவர் அதே பார்வையை அடைந்ததும் இதற்குச் சான்றாகும்.

இன்று நம் புறநகர் ஏரிகள் பலவற்றில், தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை படர்ந்து ஆம்பலுக்கு இடமில்லாமல் செய்கிறது. ஆம்பலைப் பறித்த கை இருந்ததால் என் தாயாருக்குச் சீனப்பாட்டு ஒரு நொடியில் விளங்கிற்று. படித்த எனக்கு விளங்கவில்லை. செடி மறைந்தால் பாட்டும் வெறும் சொல்லாகிவிடும்.

நண்பர்களே! குறுந்தொகையைப் படிக்கும்போது ஒரு செடியின் பெயர் வந்தால், அகராதியைப் புரட்டுமுன் வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேளுங்கள். பிறகு ஏரிக்கரைக்குச் சென்று அச்செடி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.