பாண், ஓம், மல்லி: பல மொழி புழங்கும் வீட்டுக்குச் சில குறிப்புகள்

நல்லூரில் கொடியேறினால் எங்கள் பக்கத்து வீடுகளில் பாயும் தலையணையும் போதாமல் போகும். ஜேர்மனி, பிரான்ஸ், நோர்வே என்று பேரப்பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். தெற்கிலிருந்து சிங்களம் பேசும் சிநேகிதர்களும் வருவார்கள். அந்த நாட்களில் கூடக் குழப்புபவை குட்டிச் சொற்கள். தெரியாத நீளச் சொல்லென்றால் திருப்பிக் கேட்போம். தெரிந்த சொல் போலக் காதில் விழுந்தால் கேட்கமாட்டோம்.

1. முதலில் வெளிநாட்டுப் போத்தல்களைப் பாருங்கள். ஜேர்மன் மொழியில் 'கிஃப்ட்' என்றால் நஞ்சு. ஆங்கிலத்தில் பரிசு என்று நாம் வாசிக்கும் அதே நான்கு எழுத்து. 'கிஃப்டிக்' என்றிருந்தால் நஞ்சுள்ளது என்று பொருள். பிளாஸ்ரர் துண்டில் 'நஞ்சு' என்று தமிழில் எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வையுங்கள். நோர்வே மொழியிலும் அந்தச் சொல்லுக்கு நஞ்சு என்ற பொருள் உண்டு. ஆனால் அந்த நாட்டுப் படிவத்தில் கண்டால் பயப்பட வேண்டாம். 'மணமானவர்' என்பதையும் அப்படித்தான் எழுதுவார்கள்.

2. பிரான்சிலிருந்து வந்த பிள்ளை, ஆங்கிலத்தில் 'பெயின்' என்று வாசிக்கக்கூடிய சொல்லைத் தொலைபேசியில் அனுப்பினால், எங்கே நோகிறது என்று பதறாதீர்கள். பிரெஞ்சில் அது பாண். நம்முடைய பாணுக்கு ஒன்றுவிட்ட சகோதரம்: 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து நம் பாண் வந்தது, இரண்டுக்கும் தாய் லத்தீன். போர்த்துக்கேயர் ஜப்பானுக்கும் போனதால் அங்கேயும் பாணுக்குப் பெயர் 'பன்'. இந்தி பேசுபவருக்கோ 'பான்' என்றால் வெற்றிலை. நம் பழந்தமிழில் பாண் என்றால் பாட்டு. யாழ் மீட்டிப் பாடியவர் பாணர். கண் தெரியாத யாழ்ப்பாணன் ஒருவன் பரிசாகப் பெற்ற நிலம் இது என்று யாழ்ப்பாண வைபவமாலை ஊர்ப்பெயருக்குக் கதை சொல்கிறது. பாணும் சம்பலும் வைக்கும்போது இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சாப்பிடுகிற பாண் ஒன்று, ஊரின் பெயருக்குள் இருக்கிற பாண் வேறொன்று என்பது தெரிந்தால் அவர்களுக்கு ஊர் இன்னும் கொஞ்சம் கிட்ட வரும்.

3. நமக்கு 'ஓம்' என்றால் ஆமாம். தமிழ்நாட்டு விருந்தாளிக்கு அது முதலில் மந்திரமாகத்தான் கேட்கும். வந்த அன்றே சொல்லிவிடுங்கள். ஜேர்மனியில் பிறந்த பிள்ளை 'ஓமா' என்றால் நம் 'ஓமோ?' போல எதையும் கேட்கவில்லை, பாட்டியைக் கூப்பிடுகிறது. தாயின் தாயும் தகப்பனின் தாயும் அங்கே ஒரே ஓமாதான். நமக்கு அம்மம்மாவும் அப்பம்மாவும் வேறு வேறு. அந்த இரண்டு சொல்லையும் பிள்ளை பிரித்துச் சொல்லப் பழகும்வரை விடாதீர்கள்.

4. கொழும்பு பஸ்ஸில் உங்கள் மகனை ஒருவர் 'மல்லி' என்றால், தம்பி என்கிறார். தடிமனுக்கு நாம் அவித்துக் குடிக்கும் மல்லிக்கும் அதற்கும் தொடர்பில்லை. சிங்களத்தில் 'ஐயா' என்பது அண்ணன். தகப்பனை ஐயா என்று கூப்பிடும் வீடென்றால் இதை முன்கூட்டியே விளக்குங்கள். அம்மாவும் அக்காவும் இரண்டு மொழியிலும் மாறுவதில்லை.

5. நயினாதீவுக்குப் போக வந்த சிங்களப் பயணி குறிகட்டுவான் வீதியில் உங்கள் படலையடியில் நின்றால், வெறுமனே 'என்ன?' என்று கேட்காதீர்கள். அவருடைய மொழியில் 'என்ன' என்றால் 'வாங்கோ'. கூப்பிட விருப்பமென்றால் அந்தச் சொல்லையே முகம் மலர்ந்து சொல்லலாம். 'எப்ப?' என்பதும் 'எபா', அதாவது 'வேண்டாம்' என்பதுபோலக் கேட்கும். நாளைக் கேட்பதென்றால் கலண்டரைத் தொட்டுக் காட்டிக் கேளுங்கள்.

6. வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த வெங்காயத்தைத் தெற்கு வியாபாரிக்கு விற்பவர்கள் நெடிலில் கவனம் வையுங்கள். 'லூனு' வெங்காயம், 'லுனு' உப்பு. தொலைபேசியில் அவர் 'ரத்து' என்றதும் ஓடர் போய்விட்டதென்று நினைக்கவேண்டாம். சிங்களத்தில் ரத்து என்றால் சிவப்பு. 'ரத்து லூனு' நம் சின்ன வெங்காயம்.

7. 'கிரி' நமக்கு மலை, சிங்களத்தில் பால். கீரிமலையின் கீரி வேறு.

8. சிங்களத்தில் 'மம' என்றால் நான். நீட்டி 'மாமா' என்றால் மாமாவேதான். ஜோர்ஜிய மொழியில் 'மாமா' தகப்பன். ஐஸ்லாந்தில் 'அம்மா' பாட்டி. கொரியாவில் 'அப்பா' அப்பாவே. குழந்தையின் உதடு சுலபமாகச் சேர்ந்து பிறக்கும் ஒலிகள் மகரமும் பகரமும். அதனால்தான் உறவே இல்லாத மொழிகளிலும் இந்தச் சொற்கள் ஒன்றுபோல் இருக்கின்றன. மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960இல் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டார். கைக்குழந்தை 'மம' என்றால் சொல்லை விட்டு முகத்தைப் பாருங்கள். பசியா நித்திரையா என்பது தெரியும்.

9. பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் சொல், மொழி, பொருள் என்று மூன்று கோடு போட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். எழுதுவது பிள்ளைகளாக இருக்கட்டும். கதிரை, அலுமாரி, சப்பாத்து என்று நம் வீட்டிலுள்ள போர்த்துக்கேயச் சொற்களையும் சேர்க்கலாம். 'குசினி'யில் தொடங்குங்கள்: பாரிசில் தன் வீட்டுச் சமையலறைக்கும் ஏறக்குறைய அதே பெயர்தான் என்பதை அந்தப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.