கழியாத ஆட்டிலும் புழு உண்டு

வந்த இடத்தில் ஓர் ஆடாவது வாங்கிக் கட்டியிருக்கும் அன்பர்களே, ஆடு கழிந்தால்தான் வயிற்றில் புழு என்று இருந்துவிடாதீர்கள். தெமோதரை போன்ற ஈரமான மலைப்பக்கங்களில் அஞ்சவேண்டியது இரத்தம் குடிக்கும் இரைப்பைப் புழு. அது உள்ள ஆடு பெரும்பாலும் கழியாது.

கண்ணின் கீழ் இமையை விரலால் இறக்கிப் பாருங்கள். நல்ல சிவப்பா, பயமில்லை. வெளிறியிருந்தால், தாடைக்குக் கீழே வீங்கியும் இருந்தால், இரத்தம் குறைந்துவிட்டது. (தென்னாபிரிக்காவில் 1990களில் இதற்கென்றே நிற அட்டை செய்தார்கள்.) வேப்பிலையும் பப்பாளி விதையும் நம் பெரியவர்கள் கொடுத்தவைதான், வெளிறிய ஆட்டுக்கு அவற்றை நம்பி நாள் கடத்தினால் ஆடு போய்விடும்.

புதுப் புழுக்கையில் ஒரு பிடியைப் பொலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல், அன்றைக்கே அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். புழு முட்டை நுணுக்குக்காட்டியில்தான் தெரியும். பனி காய்ந்த பிறகே மேய விடுங்கள். குஞ்சுப் புழு ஈரப் புல்லில் ஏறியிருக்கும்.