ஹைபிரிட் காருக்கு எண்ணெய் மாற்றுதல்

பீர்மேட்டில் எங்கள் ஹைபிரிட் காருக்கு எஞ்சின் ஆயிலை நானே மாற்றுகிறேன். முறை பழையதே, அபாயம் ஒன்றுதான் புதிது.

குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயத்துக்கு இறங்குகையில் பல இடங்களில் எஞ்சின் ஓய்ந்திருக்கும். தேவைப்பட்டதும் தானே விழிக்கும். 1997-இல் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் முதலே இவ்வினத்தின் இயல்பு இது. வீட்டு வாசலில் நிற்கும்போதும், ‘ரெடி’ விளக்கு எரியுமாயின், பேட்டரி குறைந்ததும் எஞ்சின் கிளம்பிவிடும். அடியில் கை நீட்டியிருப்பவன் கதி என்ன? ஆகவே முதலில் காரை முழுதும் அணைத்து, சாவியை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். ஆரஞ்சு நிறக் கம்பிகளில் உயர் மின்னழுத்தம் உண்டு, தொடவே வேண்டாம்.

நம் மலையூரில் சமதளம் கிடைப்பதே அரிது! தேடிப் பிடித்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டின்மேல் நிறுத்துங்கள். சற்றே சூடான பழைய ஆயிலை வடித்து, புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவிப் பொருத்துங்கள். கையேடு கூறும் ஆயிலையே ஊற்றுக. கழிவை ஓடையில் கொட்டாமல் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.