நல்கைக் கருத்துருவில் கூட்டாய்வாளரின் இடம்: சிந்துவெளி எழுத்தாய்வை முன்வைத்து

திறவுச்சொற்கள்: ஆய்வு நல்கை, கருத்துரு, கூட்டாய்வு, தொடரடைவு, நெய்தல் மீன்பெயர்கள்

முன்னுரை

தமிழ்த்துறைகளில் ஆய்வுத் திட்டக் கருத்துரு எழுதப்பெறும் முறையில் ஒரு பழக்கம் வேரூன்றியுள்ளது. தலைப்பு முதலில் முடிவாகின்றது. நோக்கம், கருதுகோள், ஆய்வு முன்னோடிகள் ஆகியன அதன்பின் நிரப்பப்பெறுகின்றன. இணை ஆய்வாளர் என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்னும் வினா, விண்ணப்பத்தின் இறுதி நாள் நெருங்கும்போதுதான் எழுகின்றது. அந்நேரத்தில் கிடைப்பவர் பெரும்பாலும் அதே துறையின் அடுத்த அறையில் இருப்பவர். முதன்மை ஆய்வாளர் கற்ற நூல்களையே தாமும் கற்றவர். ஆகவே அப்பெயர் கருத்துருவுக்கு ஒரு கையொப்பத்தைச் சேர்க்கின்றதேயன்றி ஒரு திறனைச் சேர்ப்பதில்லை.

நல்கைக் குழுவினர் இதனை எளிதில் கண்டுகொள்வர். இலக்கியப் பனுவலைத் தாண்டிச் சூழலியல், மொழித் தொழில்நுட்பம், தொல்லியல் எனச் செல்லும் தலைப்புகள் இன்று மிகுந்துள்ளன. அத்தகைய கருத்துருவில் இருவருமே தமிழிலக்கியம் மட்டும் பயின்றோராயின், ஆய்வு முறையியல் என்ற பகுதி சொல்லளவிலேயே நின்றுவிடும். ஆய்வு வினா எங்கே தன் துறையின் எல்லையைக் கடக்கின்றதோ அங்கேதான் கூட்டாய்வாளரின் இடம் தோன்றுகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதனைக் காட்டச் சிந்துவெளி எழுத்தாய்வு தக்க சான்றாகின்றது. ஒரே வினாவை ஒரே காலத்தில் இரு முனைகளிலிருந்து அணுகியோர் கூட்டாளரைத் தேடிக்கொண்ட முறையை அதில் ஒப்பிட்டுக் காண இயலும்.

இரு தொடரடைவுகள்

பின்லாந்தைச் சேர்ந்த அஸ்கோ பர்போலா வேத இலக்கியம் பயின்றவர். 1960களில் அவர் சிந்துவெளி எழுத்தின்பால் திரும்பியபோது, ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய இளமைக்கால நண்பர் செப்போ கொஸ்கென்னியெமி கணினி வழி உதவ முன்வந்தார். உடன்பிறந்தவரான சிமோ பர்போலா ஆப்பெழுத்து ஆவணங்களைப் பயிலும் அசீரியவியலர். மொழியறிவு, கணினித் திறன், பழைய எழுத்துமுறைகளைப் படித்த பயிற்சி ஆகிய மூன்றும் ஒரு நட்பு வட்டத்துக்குள்ளேயே அமைந்தன. இம்மூவரின் தொடரடைவு 1973இல் ஹெல்சிங்கியில் வெளிவந்தது.

இந்தியாவில் ஐராவதம் மகாதேவனுக்கு அத்தகைய வட்டம் இல்லை. அவர் பல்கலைக்கழகத்தாரும் அல்லர், இந்திய ஆட்சிப்பணியினர். 1970இல் அவருக்கு ஜவகர்லால் நேரு நல்கை கிடைத்தது. குறிகளின் வருகையை எண்ணி வகைப்படுத்துவதற்குக் கணினி தேவை என்பது அவருடைய வினாவிலேயே அடங்கியிருந்தது. அதற்கு மும்பையிலுள்ள டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் கணினியும் அங்குள்ளோரின் நிரல் திறனும் துணைசெய்தன. 1977இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட அவரது தொடரடைவு 2,906 பனுவல்களையும், அவற்றின் 3,573 வரிகளையும், 417 தனிக்குறிகளையும் பதிவுசெய்தது.

ஹெல்சிங்கியில் கூட்டாளியின் திறனே வினாவை அணுகத் துணிவளித்தது. மகாதேவனிடத்திலோ வினாவே கூட்டாளியைத் தேடச்செய்தது. வினா முன்னா, கூட்டாளி முன்னா என்று விதி வகுப்பதற்கில்லை. இரண்டிலும் பொதுவாயுள்ளது ஒன்றே: ஒருவரால் இயலாததை மற்றவர் செய்தார்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. மகாதேவன் குறிகளின் பொருளை முடிவாகக் கண்டுவிட்டதாகக் கூறித் தொடரடைவை வெளியிடவில்லை. பிறர் எடுத்தாளத்தக்க தரவாக அதனை அமைத்தார். 32 ஆண்டுகளுக்குப் பின்னர், 2009இல், 'சயன்ஸ்' இதழில் குறிவரிசைகளின் ஒழுங்கைப் புள்ளியியல் வழி ஆராய்ந்த கட்டுரை வெளிவந்தபோது, அதற்கு அடிப்படையாக அமைந்தது அத்தொடரடைவே. கணிதவியலரும் இயற்பியலரும் கணினியியலரும் அடங்கிய அக்குழுவில் மகாதேவனும் ஓர் ஆசிரியர். அக்கட்டுரையின் முடிவு இன்றும் விவாதத்துக்குரியதே. எனினும் தரவைப் பற்றிய ஐயம் அன்று அவ்விவாதம். கருத்துருவின் 'எதிர்பார்க்கும் விளைவு' என்னும் பகுதியில் கருத்தரங்கமும் நூலும் மட்டுமே எழுதிப் பழகியோர் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

பொருளை வைத்திருப்போர்

கூட்டாளர் அனைவரும் ஆய்வாளராகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. சிந்துவெளி முத்திரைகளின் ஒளிப்படத் தொகுதியில் இந்தியச் சேகரிப்புகளுக்குரிய தொகுதி 1987இலும் பாகிஸ்தான் சேகரிப்புகளுக்குரியது 1991இலும் வெளிவந்தன. முன்னதில் ஜகத்பதி ஜோஷியும் பின்னதில் சையித் குலாம் முஸ்தபா ஷாவும் பர்போலாவுடன் பதிப்பாசிரியராயினர். முத்திரைகள் எந்நாட்டில் உள்ளனவோ அந்நாட்டார் பெயர் நூலின் முகப்பிலேயே இடம்பெற்றது. மடங்களிலும் தனியார் இல்லங்களிலும் உள்ள ஓலைச்சுவடிகளை ஆராயும் தமிழ்க் கருத்துருக்களில் சுவடி உரிமையாளரின் ஒப்புதல் மடல் இணைக்கப்படாமை பெருங்குறை. நல்கை வந்தபின் ஒப்புதல் தேடப்புகுவோரின் முதற் காலாண்டு, வாயிலில் காத்திருப்பதிலேயே கழிந்துவிடும்.

நெய்தல் மீன்பெயர்கள்: ஒரு மாதிரி

இந்நெறியைத் தமிழ்த்துறைக்கு நன்கு பழகிய பொருளொன்றில் பொருத்திக் காணலாம். 'சங்க இலக்கியத்தில் மீன்கள்' என்பது தலைப்பு, வினா அன்று. பாடலடிகளைத் தொகுத்தால் அது நிறைவுற்றுவிடும். அதற்குக் கூட்டாளர் வேண்டா, நல்கையும் பெரிதாக வேண்டா. 'சங்கப் பாடல்களில் வரும் அயிலை என்னும் பெயர் இன்று எம்மீனைக் குறிக்கின்றது? பெயரும் பொருளும் ஒருங்கே தொடர்ந்தனவா?' என வினவும்போது நிலை மாறுகின்றது. மலையாளக் கரையில் 'அயில' எனப்படும் மீன் தமிழகக் கரையில் பரவலாகக் 'கானாங்கெளுத்தி' எனப்படுகின்றது. பழம்பெயர் அதே மீனைத்தான் சுட்டியதா என்பதைப் பனுவல் மட்டும் கொண்டு துணிதல் அரிது. மீனின் வாழிடம், வலையில் விழும் பருவம் ஆகியவற்றை அறிந்தவர் தேவை. அயிலை, அயிரை என ஓரெழுத்தில் வேறுபடும் பெயர்கள் ஏட்டில் மயங்கக்கூடும் என்பதையோ கடலுயிரியலர் அறியார். அதைப் பாடவேறுபாடு கற்றவரே காட்ட வேண்டும்.

இத்தகைய கூட்டாளரைத் தேட அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. 2018இல் நடுவண் அரசு தொடங்கிய ஸ்பார்க் போன்ற திட்டங்கள் அயல்நாட்டு நிறுவனத்தோடு இணைதலை வேண்டுவன. அதனால் கூட்டாய்வு என்றாலே கடல்கடந்தது என்ற எண்ணம் பரவியுள்ளது. சிதம்பரத்தில் தமிழ்த்துறையைக் கொண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகமே பரங்கிப்பேட்டையில் கடலுயிரியல் உயராய்வு மையத்தையும் கொண்டுள்ளது. நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்திற்கு மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் நிலையங்கள் உள்ளன.

கூட்டாளர் தொடக்கத்திலேயே வந்துவிட்டால் கருத்துருவின் கால அட்டவணையே திருந்தும். தமிழ்த்துறையினர் களப்பணியைக் கோடை விடுமுறையில், மே மாதத்தில் வைப்பது வழக்கம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். துறைமுகத்தில் படகுகள் கட்டிக்கிடக்க, மீன்வரத்தைக் கணக்கிடச் செல்லும் ஆய்வாளர் வெறுங்கையுடன் திரும்புவார். கடலுயிரியலர் இதனை ஒரு நொடியில் சொல்லிவிடுவார். ஆனால் அவரிடம் இறுதி நாளன்று கையொப்பம் மட்டும் வாங்கப்பட்டிருந்தால் அட்டவணையை அவர் பார்த்திருக்கவே மாட்டார். முறையியலையும் செலவு மதிப்பீட்டையும், அவ்வப் பகுதிக்கு உரியவரே முதல் வரைவாக எழுதித் தருதல் நன்று. மீன்பெயரைச் சொல்லும் கடலோடிக்கு ஒரு நாள் உழைப்பு இழப்பாகும்; அதற்கு ஈடான மதிப்பூதியமும் 'பிற செலவுகள்' என்பதற்குள் மறையாமல் தனித் தலைப்பில் இடம்பெற வேண்டும்.

பெயரும் உரிமையும்

முனைவர் பட்ட ஆய்வாளர் பொதுவாக முதன்மை ஆய்வாளராக விண்ணப்பிக்கத் தகுதி பெறுவதில்லை. ஆயினும் பல துறைகளில் கருத்துருவின் வரைவு அவர் கையாலேயே உருவாகின்றது. திட்டம் ஏற்கப்பட்டபின் அவர் திட்ட உதவியாளர் ஆகலாம், ஆகாமலும் போகலாம். நல்கை வந்த பின்னர் இதனைப் பேசுதல் மனத்தாங்கலுக்கே வழிவகுக்கும். யார் எப்பகுதியை எழுதினார், கட்டுரைகளில் பெயர்கள் எவ்வரிசையில் வரும், தொகுத்த தரவு திட்டக் காலம் முடிந்தபின் எங்கு வைக்கப்படும், வரைவு எழுதிய மாணவர் தம் ஆய்வேட்டில் அதனை எடுத்தாளலாமா என்பவற்றை ஒரு பக்க உடன்பாடாக எழுதி, முதன்மை ஆய்வாளர், கூட்டாய்வாளர், மாணவர் ஆகிய மூவரும் ஒப்பமிட்டு வைத்துக்கொள்ளுதல் இயலும். எந்த நல்கை நிறுவனமும் கேட்காத தாள் அது. விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்னரே எழுதப்பெற வேண்டியதும் அதுவே.