நேருவுக்குப் பிறகு யார்? குடிமையியல் வகுப்பில் ஒரு விவாதப் பாடம்

‘அடுத்து யார்?’ என்ற கேள்வி தேர்தல் காலத்தில் தேநீர்க் கடையிலும் பேருந்திலும் வீட்டுத் திண்ணையிலும் கேட்கிறது. நம் மாணவர்கள் அதைக் கேட்டுக்கொண்டுதான் பள்ளிக்கு வருகிறார்கள். வகுப்பில் அந்தப் பேச்சு எழுந்தால் “அரசியல் வேண்டாம், பாடத்தைப் பாருங்கள்” என்று சொல்வதே நமக்கு எளிது. இந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. நாம் அரசு ஊழியர்கள். கட்சி சார்பு நமக்குக் கூடாது. பெற்றோரும் பல கட்சிகளைச் சேர்ந்தவர்கள். ஆனால் ஒரு தலைவரை எப்படி மதிப்பிடுவது என்று பள்ளியில் பேசிப் பழகாத மாணவர், 18 வயதில் வாக்குச்சாவடிக்குள் போகும்போது அதை வேறு எங்கே கற்றிருப்பார்?

இதற்கு நான் கையாளும் வழி எளியது. இன்றைய பெயர்கள் எதையும் எடுப்பதில்லை. நடந்து முடிந்த ஒரு விவாதத்தை வகுப்புக்குக் கொண்டுவருகிறேன். பத்தாம் வகுப்பில் நடுவண் அரசு பற்றிய பாடம் வரும்போது ‘நேருவுக்குப் பிறகு யார்?’ என்ற 1964ஆம் ஆண்டுக் கேள்விக்கு இரண்டு பாடவேளை ஒதுக்குகிறேன். அந்த அனுபவத்தை இங்கே பகிர்கிறேன்.

ஆசிரியர் அறிந்திருக்க வேண்டிய பின்னணி

1947 முதல் நேருவே பிரதமர். 1962 சீனப் போருக்குப் பிறகு அவருடைய உடல்நலம் குன்றத் தொடங்கியதும், அடுத்தவர் யார் என்ற பேச்சு வெளிப்படையாகவே எழுந்தது. அமெரிக்கப் பத்திரிகையாளர் வெல்ஸ் ஹேங்கன் 1963இல் இந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு நூல் எழுதினார். மொரார்ஜி தேசாய், கிருஷ்ண மேனன், லால் பகதூர் சாஸ்திரி, ஒய்.பி. சவாண், இந்திரா காந்தி, ஜெயப்பிரகாஷ் நாராயண், எஸ்.கே. பாட்டீல், படைத்தளபதி பி.எம். கௌல் என எட்டுப் பேரை அதில் ஆராய்ந்தார். அந்த எட்டுப் பேரில் மூவர் பிற்காலத்தில் பிரதமர் ஆனார்கள்.

அதே 1963இல் ‘காமராசர் திட்டம்’ வந்தது. மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்பது அதன் சாரம். நடுவண் அமைச்சர்கள் ஆறு பேரும், முதலமைச்சர்கள் ஆறு பேரும் விலகினர். சாஸ்திரியும் மொரார்ஜியும் அவர்களுள் அடக்கம். காமராசரும் 1963 அக்டோபர் 2ஆம் நாள் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். பின்னர் காங்கிரஸ் தலைவரானார்.

1964 ஜனவரியில் புவனேசுவரம் காங்கிரஸ் மாநாட்டின்போது நேரு நோயுற்றார். பதவி விலகியிருந்த சாஸ்திரி அமைச்சரவைக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். தமக்குப் பின் இன்னார் என்று நேரு யாரையும் அறிவிக்கவில்லை. மே 27 அன்று அவர் காலமானார். குல்சாரிலால் நந்தா இடைக்காலப் பிரதமர் ஆனார்.

சட்டம் எவ்வளவு சொல்கிறது?

பிரிவு 75ஐ மாணவர்களே படிக்கட்டும். பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. நாடாளுமன்ற உறுப்பினர் அல்லாத ஒருவர் அமைச்சராக ஆறு மாதம்தான் இருக்க முடியும். பிரதமர் இறந்தால் அந்த இடத்துக்கு யார் வருவார் என்று அதில் இல்லை.

இதை விளங்க வைக்க ஓர் ஒப்பீடு உதவும். நேரு மறைவதற்கு ஆறு மாதம் முன்பு, 1963 நவம்பர் 22 அன்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். துணைத் தலைவர் ஜான்சன் அன்றே, விமானத்தில் இருந்தபடியே பதவி ஏற்றார். அங்கே அடுத்தவர் யார் என்பது தேர்தலின்போதே முடிவாகிவிடுகிறது. நம் முறையில் மக்களவையில் பெரும்பான்மை பெற்ற கட்சியோ கூட்டணியோ தன் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1962 தேர்தலில் மக்களவையின் 494 இடங்களில் 361ஐக் காங்கிரஸ் பெற்றிருந்தது. ஆகவே அக்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அவரே பிரதமர்.

முதல் பாடவேளை: பெயரில்லாத அட்டைகள்

வகுப்பை ஐந்தைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் நான்கு அட்டைகள் தருகிறேன். அட்டைகளில் பெயர் இருக்காது.

அட்டை 1: ரயில்வே அமைச்சராக இருந்தார். 1956இல் அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பின்னர் உள்துறை அமைச்சர்.

அட்டை 2: பெரிய மாநிலம் ஒன்றின் முதலமைச்சராக இருந்தார். ஐந்து ஆண்டுகள் நாட்டின் நிதி அமைச்சர்.

அட்டை 3: புதிய மாநிலம் ஒன்றின் முதல் முதலமைச்சர். 1962 போரின்போது பாதுகாப்பு அமைச்சராக அழைக்கப்பட்டார்.

அட்டை 4: 1959இல் ஆளுங்கட்சியின் தலைவர். அமைச்சராக இருந்ததில்லை, 1964 மே மாதத்தில் நாடாளுமன்ற உறுப்பினரும் அல்லர்.

அட்டைகளைப் பார்க்கும் முன்பே ஒரு பிரதமருக்கு வேண்டிய ஐந்து தகுதிகளைக் குழு எழுதிவிட வேண்டும். எழுதிய பிறகு அதை மாற்றக் கூடாது. அந்த அளவுகோலைக் கொண்டு நான்கு அட்டைகளையும் வரிசைப்படுத்த வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும். இந்த வரிசைமுறை மிக முக்கியம். பெயரை முதலில் சொல்லிவிட்டால், பிடித்தவருக்கு ஏற்றபடி தகுதிகளைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். பெரியவர்களும் அப்படித்தான் செய்கிறோம்.

என் வகுப்பில் அதிகம் விவாதிக்கப்படுவது முதல் அட்டைதான். “விபத்து நடந்தால் இவர் என்ன செய்வார், ரயிலை இவரா ஓட்டினார்?” என்று ஒரு குழு கேட்கும். “பொறுப்பு என்றால் அதுதான்” என்று இன்னொரு குழு சொல்லும். “விலகிப் போனால் வேலையை யார் சரிசெய்வது?” என்று மூன்றாவது குழு மறிக்கும். மூன்றும் நல்ல வாதங்கள். எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்வதில்லை. காரணத்தோடு சொன்னார்களா என்று மட்டும் பார்க்கிறேன்.

கடைசி பத்து நிமிடத்தில் பெயர்களை அறிவிக்க வேண்டும்: சாஸ்திரி, மொரார்ஜி, சவாண், இந்திரா. நான்காவது அட்டைக்கு உரியவர் நேருவின் மகள் என்று தெரிந்ததும் வகுப்பில் சலசலப்பு எழும். சிலர் வரிசையை மாற்ற வேண்டும் என்பார்கள். மேலே ஏற்றுவோரும் உண்டு, கீழே இறக்குவோரும் உண்டு. “அட்டையில் ஒரு சொல்கூட மாறவில்லையே, உங்கள் முடிவு ஏன் மாறுகிறது?” என்ற ஒரு கேள்வியோடு பாடவேளையை முடிக்கலாம். விடையை அவர்கள் வீட்டில் எழுதி வரட்டும்.

இரண்டாம் பாடவேளை: இசைவா, வாக்கெடுப்பா?

அடுத்த நாள் இரண்டு தேர்வுகளை ஒப்பிடுகிறோம். 1964இல் கட்சியின் பொதுவான கருத்தைக் கண்டறியும் பொறுப்பைக் காங்கிரஸ் காரியக் கமிட்டி காமராசரிடம் ஒப்படைத்தது. அவர் முதலமைச்சர்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் தனித்தனியே கேட்டறிந்தார். ஆதரவு சாஸ்திரிக்கே மிகுதி என்றார். போட்டியிட விரும்பிய மொரார்ஜி ஒதுங்கிக்கொண்டார். ஜூன் 2 அன்று சாஸ்திரி ஒருமனதாகத் தேர்வானார். ஜூன் 9 அன்று பதவி ஏற்றார்.

1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் சாஸ்திரி காலமானார். மீண்டும் நந்தாவே இடைக்காலப் பிரதமர். காமராசரின் பெயரும் பேசப்பட்டது. அவர் அப்பதவியை நாடவில்லை. இம்முறை மொரார்ஜி ஒதுங்க மறுத்தார். ஜனவரி 19 அன்று இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜிக்கு 169. தோற்றவர் முடிவை ஏற்றார். ஓராண்டுக்குப் பின் அதே இந்திராவின் அமைச்சரவையில் துணைப் பிரதமரும் ஆனார்.

கரும்பலகையை இரண்டாகப் பிரித்து இசைவு முறையின் நன்மை தீமைகளை ஒரு பக்கமும், வாக்கெடுப்பின் நன்மை தீமைகளை மறுபக்கமும் மாணவர்களைக் கொண்டே எழுதச் சொல்கிறேன். இசைவில் மனக்கசப்பு குறையும். ஆனால் யார் யாரை ஆதரித்தார் என்பது கேட்டறிந்தவருக்கு மட்டுமே தெரியும். வாக்கெடுப்பில் கணக்கு எல்லாருக்கும் தெரியும். ஆனால் பிளவும் வெளியே தெரியும். 355 வாக்கு மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலா என்று கணக்கிடச் சொன்னால் கணித ஆசிரியரும் மகிழ்வார்.

மாணவி கேட்ட கேள்வி

சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், நாட்டில் 43 கோடிப் பேர். ஓட்டுப் போட்டது 524 பேர். இது எப்படி மக்களாட்சி?” என்றாள். 1961 கணக்கெடுப்பின் மக்கள்தொகையை முந்தைய நாள்தான் சொல்லியிருந்தேன். இந்தப் பாடம் முழுவதும் இந்தக் கேள்விக்காகத்தான் என்று சொல்லலாம்.

இதற்கு ஒரே வரியில் விடை சொல்லி அடைத்துவிடக் கூடாது. அந்த 524 பேர் எப்படி அங்கே வந்தார்கள் என்று திருப்பிக் கேட்டேன். மக்களவைக்கு மக்கள் நேரடியாக அனுப்பியவர்கள். மாநிலங்களவைக்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் பெரும்பாலோரை அனுப்பியவர்கள் என்று வகுப்பே சொன்னது. “தேர்ந்தெடுத்தவர் தவறு செய்தால்?” என்றான் ஒரு மாணவன். மக்களவை நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாம். அடுத்த தேர்தலில் மக்கள் மாற்றலாம். 1967 தேர்தலில் அது நடந்தது. மக்களவையின் 520 இடங்களில் காங்கிரசுக்கு 283தான் கிடைத்தன. இரண்டு பிரதமர்களின் தேர்வை முன்னின்று நடத்திய காமராசரே தம் சொந்த ஊரான விருதுநகரில் சட்டமன்றத் தேர்தலில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார்.

மதிய உணவோடும் பள்ளிகளோடும் மட்டுமே காமராசரை அறிந்த மாணவர்களுக்கு இது புதிய செய்தி. முடிவெடுப்பவர் சிலராக இருக்கலாம். அவர்கள் பலருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கு அப்போது விளங்குகிறது. அந்த மாணவி முழுதும் நிறைவடையவில்லை. “அப்படியானால் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதே மேல்” என்றாள். அதுவும் ஒரு நிலைப்பாடுதான். காரணங்களோடு ஒரு பக்கம் எழுதி வந்தாள். அதைச் சுவரில் ஒட்டினோம். பக்கத்தில் மறுப்பு எழுதி இருவர் ஒட்டினார்கள்.

கவனிக்க வேண்டியவை

இன்றைய தலைவர்களோடு ஒப்பீடு வந்தால், “அந்த அளவுகோலை வைத்து நீங்களே வீட்டில் யோசியுங்கள்” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ஆசிரியரின் விருப்பம் சொல்லிலோ முகத்திலோ தெரியக் கூடாது. ஆளைப் பழிக்கும் சொல், சாதி, மதம், தோற்றம் பற்றிய பேச்சு இவற்றுக்கு விவாதத்தில் இடமில்லை என்பதைத் தொடக்கத்திலேயே விதியாக எழுதிவிட வேண்டும். மறுத்துப் பேசுபவர், முதலில் எதிர்த்தரப்பு சொன்னதைத் தம் சொற்களில் சொல்லிவிட்டே மறுக்க வேண்டும் என்ற விதி மிகவும் பயன் தருகிறது.

மதிப்பீட்டில் யாரைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு மதிப்பெண் இல்லை. அளவுகோல் தெளிவாக உள்ளதா, சான்று காட்டினாரா, எதிர்வாதத்தைக் கேட்டாரா என்ற மூன்றுக்கே மதிப்பெண்.

தொடக்க வகுப்புகளில்

நான்காம், ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களும் இதே முறையை வகுப்புத் தலைவர் தேர்வில் செய்து பார்க்கலாம். “யார் வேண்டும்?” என்று கேட்கும் முன் “அவர் என்னென்ன வேலை செய்ய வேண்டும்?” என்று கேட்டு, குழந்தைகள் சொல்வதைப் பலகையில் எழுதுங்கள். பிறகு சீட்டில் வாக்களிக்கட்டும். எண்ணும்போது எல்லாரும் பார்க்க வேண்டும். தோற்றவருக்கும் ஒரு பொறுப்பு கொடுங்கள். ஒரு பருவம் முடிந்ததும் தலைவர் செய்த வேலையைப் பலகையில் எழுதிய பட்டியலோடு ஒப்பிட்டு வகுப்பே பேசட்டும்.

ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளை ஒட்டி உயர்நிலை வகுப்புகளில் இந்த இரண்டு பாடவேளைகளை நடத்தலாம். அட்டை செய்ய ஒரு பழைய காலண்டரின் பின்பக்கம் போதும்.