ஈயத்தைக் கழற்று, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்கூபாக்காரர்கள் முதுகில் கட்டும் மிதப்புப் பையைப் பற்றி ‘முதல் விங் வாங்குகிறீர்களா?’ என்று நீ எழுதிய கட்டுரையை நேற்று இரவு படித்தேன். மூன்றாம் பத்தியில் எழுந்துபோய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்துதான் மிச்சத்தைப் படிக்க முடிந்தது. அவ்வளவு எரிச்சல்.

ஒற்றைச் சிலிண்டருக்கு 27 கிலோ தூக்கும் விங்கா? “பெரிதாக இருந்தால் பாதுகாப்புதானே” என்று ஒரு வரி வேறு. அது இரட்டைச் சிலிண்டர் கட்டிக்கொண்டு ஆழத்தில் கிடக்கும் கப்பலுக்குப் போகிறவனின் அளவு. புதுச்சேரிக் கடலில் 3 மி.மீ. ரப்பர் உடையோடும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டரோடும் இறங்குகிறவனுக்கு எதற்கு? கணக்குப் போட்டுப் பார். 200 பார் அழுத்தத்தில் உள்ளே இருக்கும் காற்றின் எடை இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல். திரும்பும்போது அதில் பெரும்பகுதி போயிருக்கும். ஆகவே இறங்கும்போது அந்த அளவு கனமாக இருந்தே ஆகவேண்டும். ஆழத்தில் உடை நசுங்குவதால் இரண்டு கிலோ அளவுக்கு மிதப்பு குறையும். மேற்பரப்பில் தலை வெளியே நிற்கவும், கழற்றிவிட்ட கருவி தானே மிதக்கவும் சேர்த்துக் கொடுத்தாலும் 14 கிலோ விங் தாராளம். அதற்கு மேலுள்ள துணி, நிரம்பக் காற்றில்லாமல் பூவரச இலைக் கொழுக்கட்டைபோல சிலிண்டரைச் சுற்றி மடிந்துகொள்ளும். மடிப்பில் சிக்கிய காற்று, வால்வை இழுத்தாலும் லேசில் வெளியே வராது.

ஆனால் உனக்குப் பெரிய விங் கேட்கிறது என்றால் குற்றம் இடுப்பில் இருக்கிறது. உன் படத்தில் ஈயக்கட்டிகளை எண்ணினேன். எட்டுக் கிலோ! இந்த ஒல்லி உடம்புக்கு!

என் தாய்மாமா 1961இல் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் இறங்கியவர். கல்லில் காலை ஊன்றிக் கயிற்றோடு தரைக்குப் போய்ச் சேர்ந்ததும் கல்லை விட்டுவிடுவார்கள். படகிலிருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். பல ஆண்டு கழித்து என் ஈய பெல்ட்டைக் கையில் தூக்கிப் பார்த்த மாமா கேட்டார்: “எறங்குன பொறவும் இதச் சொமந்துக்கிட்டேவா இருப்ப?” அசட்டுச் சிரிப்பு சிரித்துவைத்தேன். நான் பழகிய இடத்தில் பத்துக் கிலோ கட்டிவிட்டிருந்தார்கள். ஆள் மூழ்கினால் போதும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கனத்துக்கு ஈடாகக் காற்றை ஊதிக்கொண்டே இருந்தேன். ஏறும்போது அந்தக் காற்று விரிந்தது. பத்து மீட்டரிலிருந்து மேலே வருவதற்குள் அது இரண்டு மடங்கு ஆகும் என்பது உனக்குத் தெரியும். ஐந்து மீட்டரில் நிற்க வேண்டியவன் நெட்டிபோல மேலே போய் விழுந்தேன். காது இரண்டு நாள் இரைந்தது. மாமாவிடம் சொல்லவில்லை.

ஆகவே விங் வாங்குமுன் இதைச் செய்யச் சொல்லி எழுது: டைவின் கடைசியில், 50 பார் மிச்சமிருக்கும்போது, ஐந்து மீட்டரில் விங்கை முழுக்கக் காலிசெய்துவிட்டு இயல்பாக மூச்சுவிட வேண்டும். நின்ற இடத்தில் நின்றால் சரி. இறங்கினால் அடுத்த முறை ஒரு கிலோ கழற்ற வேண்டும். எஃகு முதுகுத் தகடு போட்டால் இடுப்பு ஈயத்தில் இரண்டரைக் கிலோ குறையும். அந்த எடை நுரையீரலுக்கு நேர் மேலே உட்காரும், காலும் தொங்காது. இதை உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

இன்னொன்று. தோள்வாரை “நன்றாக இறுக்குங்கள்” என்று எழுதியவன் அதைக் கழற்றிப் பார்த்ததுண்டா? உள்ளங்கை தடையில்லாமல் நுழைய வேண்டும். கருவியைப் பிடித்து நிறுத்துவது இடுப்பு வாரும் கவட்டு வாரும்தான். அந்தக் கவட்டு வாரைப் பற்றி ஒரு சொல்கூடக் காணோம். கட்டாமல் இறங்கிப் பார், தகடு பின்மண்டையை வந்து தட்டும்.

சிலிண்டர் காலியாகக் காலியாக அதன் அடி மிதந்து எழுவதையும், பட்டையை இரண்டு விரற்கடை நகர்த்தி உடம்பின் கிடையைச் சரிசெய்வதையும் எழுதியிருக்கிறாயே, அந்தப் பத்தியை மூன்று முறை படித்தேன். முப்பது வருஷம் இறங்கியவர்கள் கவனிக்காதது. நான் எழுதியிருக்க வேண்டியது. பொறாமையாக இருந்தது, போ.

அடுத்த மாதம் வருகிறேன். என் பழைய 14 கிலோ விங்கைக் கொண்டுவருகிறேன். ஊதும் குழாய் மட்டும் புதிது. நீ நான்கு கிலோவோடு படகில் ஏறு.

அன்புடன்,
அண்ணன்