ஆற்று நடுவே ஒரு கோட்டை வீடு

இங்கிலாந்துக்கு வடக்கே இருக்கும் நாடு ஸ்காட்லாந்து. அங்கே டீ என்று ஓர் ஆறு ஓடுகிறது. நாம் குடிக்கும் டீ அல்ல. ஆற்றின் பெயரே அதுதான்.

ஆற்றின் நடுவில் ஒரு தீவு. அதில் திரீவ் கோட்டை நிற்கிறது. கோட்டை என்றால் பெரிய அரண்மனை நினைவுக்கு வரும். இது அப்படி அல்ல. இது ஒரு வீடு. அகலத்தில் வளராமல் உயரத்தில் வளர்ந்த வீடு.

இதைக் கட்டியவர் ஆர்ச்சிபால்டு டக்ளஸ் என்ற பிரபு. 1369இல் அந்தப் பகுதி அவர் கைக்கு வந்தது. அதன் பிறகு கட்டினார். 1400இல் இங்கேயே இறந்தார்.

வீடு நல்ல உயரம். ஐந்து தளங்கள். சுவரின் கனம் 10 அடி! ஒரு கயிற்றுக் கட்டிலை நீளவாக்கில் போடலாம். மீதி இடமும் இருக்கும்.

வாசல் தரையில் இல்லை, மேலே இருந்தது. மரப்படியில் ஏற வேண்டும். படியை எடுத்துவிட்டால் எதிரி எப்படி ஏறுவான்?

அடியில் சாமான் அறை, கிணறு, இருட்டுச் சிறை. அதற்கு மேலே சமையலறை. குழம்பு வாசனை கைதிக்கும் எட்டியிருக்கும், பாவம். அதற்கும் மேலே பெரிய கூடம், படுக்கை அறைகள். உச்சியில் காவல் வீரர்கள்.

டக்ளஸ் குடும்பம் வளர வளர அரசருக்குப் பயம் வந்தது. அப்போது அரசர் இரண்டாம் ஜேம்ஸ். 1452இல் அந்தக் குடும்பத் தலைவரைப் பேச அழைத்தார். உயிருக்கு ஆபத்து இல்லை என்று வாக்கும் கொடுத்தார். வந்தவரைத் தன் கையாலேயே குத்தினார். அவர் இறந்தார்.

1455இல் அரசரின் படை திரீவைச் சூழ்ந்தது. பெரிய பீரங்கிகளும் வந்தன. ஆனால் வீட்டைச் சுற்றிப் புது மதில் இருந்தது. துப்பாக்கி சுட அதில் துளைகள் வைத்திருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வீடு பிடிபடவில்லை.

பிறகு எப்படிப் பிடித்தார்கள்? உள்ளே இருந்த காவலர்களுக்கு அரசர் பணம் கொடுத்தார். கதவு திறந்தது. இந்தச் செலவு அரசாங்கக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. கணக்கு எழுதியவரால்தான் உண்மை இன்று தெரிகிறது.

அரசருக்குப் பீரங்கி என்றால் ஆசை. 1460இல் வேறொரு கோட்டையை முற்றுகையிட்டார். அருகில் இருந்த அவருடைய பீரங்கியே வெடித்தது. அதில் இறந்தார்.

1640இல் திரீவுக்கு இன்னொரு முற்றுகை. 13 வாரம் தாங்கியது. பிறகு பணிந்தது.  இப்போது கூரை இல்லை. சுவர்கள் மட்டும் நிற்கின்றன. தீவுக்குப் போக இன்றும் படகுதான். கரையில் ஒரு மணி உண்டு. அதை அடித்தால் படகுக்காரர் வருவார்.